ஒரே இரத்தம், ஒரே விடை

மாணவ நண்பர்களே, உங்களில் பெரும்பாலோர் ஒரு முறையேனும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருப்பீர்கள். முழங்கையின் மடிப்பில் ஊசியைச் செலுத்திச் சிறிது இரத்தம் எடுத்துச் சென்றார்கள். மாலையில் ஒரு காகிதம் வந்தது. அதில் ஹீமோகுளோபின் 10.5 கிராம் என்றோ, சர்க்கரை 130 மில்லிகிராம் என்றோ எழுதியிருந்தது. மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்தார். மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த எண் சரியானதுதானா என்று அவரும் கேட்கவில்லை; நீங்களும் கேட்கவில்லை. கேட்கவே தோன்றாத அளவுக்கு நாம் அதை நம்புகிறோம். அந்த நம்பிக்கை எவ்வாறு உண்டாயிற்று, அதைக் காப்பதற்கு ஒரு சோதனைச்சாலை நாள்தோறும் என்னென்ன செய்யவேண்டியிருக்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் பல ஆண்டுகள் மருத்துவமனைச் சோதனைச்சாலைகளில் பணி செய்தவன். ஆகையால், கதவுக்கு உட்புறத்தில் நடப்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல முடியும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைப் படித்தவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். கோயிலுக்கு அளக்கவேண்டிய நெல்லைக் குறிக்கும்போது, இத்தனை கலம் என்று மட்டும் சொல்லி அவர்கள் நிறுத்திவிடவில்லை. எந்த மரக்காலால் அளப்பது என்பதையும் சொன்னார்கள். ஆடவல்லான் என்பது அந்த மரக்காலின் பெயர். அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்பதையும் சேர்த்துக் கல்லிலே பொறித்தார்கள். எண் மட்டும் போதாது. எதனால் அளந்தோம், அது எந்த மூல அளவோடு ஒத்தது என்பதும் தெரியவேண்டும் என்ற உண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் உணர்ந்திருந்தார்கள். இரத்தப் பரிசோதனை ஒழுங்குபட்ட வரலாறு முழுவதும் இந்த ஒரே கருத்தின் விரிவுதான்.

முதலில் ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வோம். இரத்தத்திற்குச் சிவப்பு நிறத்தைக் கொடுப்பதும், பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வதும் இந்தப் பொருளே. இதை அளப்பதற்கு ஸ்விட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஸாலி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் எளிய முறையைப் பரப்பினார். சிறு கண்ணாடிக் குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டு, அதில் 20 கன மில்லிமீட்டர் இரத்தத்தைக் கலந்தால் பழுப்பு நிறம் உண்டாகும். பக்கத்தில் பழுப்பு நிறமுள்ள ஒரு கண்ணாடித் துண்டு இருக்கும். இரு நிறமும் ஒன்றாகும் வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, குழாயில் நீர் நிற்கும் அளவைப் படிக்கவேண்டும். செலவு மிகக் குறைவு, மின்சாரமும் வேண்டாம். அதனால் இம்முறை உலகெங்கும் பரவியது. நம் நாட்டிலும் நெடுங்காலம் நிலைத்து நின்றது.

ஆனால் இதில் நீதிபதியாக அமர்ந்திருப்பது மனிதனுடைய கண். காலை வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நிறம், மாலை வெளிச்சத்தில் ஒத்துப்போவதில்லை. ஒருவர் ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார். மற்றொருவர் பத்து நிமிஷம் பொறுப்பார். அதற்குள் நிறம் இன்னும் சற்று ஆழ்ந்துவிடும். இது போதாதென்று, அக்காலத்தில் விடையைச் சதவிகிதமாகச் சொல்லும் வழக்கமும் இருந்தது. ஒரு கருவியில் 100 சதவிகிதம் என்பது சுமார் 14 கிராமைக் குறித்தது. வேறொரு கருவியில் அதே 100 சதவிகிதம் சுமார் 17 கிராமைக் குறித்தது. ஒரே பெண்மணி ஓர் ஊரில் நலமுள்ளவராகவும், அடுத்த ஊரில் இரத்தசோகை உடையவராகவும் ஆகிவிடக்கூடும். மாறியது அவருடைய இரத்தம் அன்று, அளந்த மரக்கால்.

இதற்குப் பரிகாரம் இரண்டு படிகளில் வந்தது. முதலாவதாக, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைச் சயன்மெத்ஹீமோகுளோபின் என்னும் நிலையான ஒரு பொருளாக மாற்றி, அதன் வழியே செல்லும் ஒளி எவ்வளவு குறைகிறது என்பதை ஒளிமானியால் அளந்தார்கள். கண்ணின் தீர்ப்பு ஒழிந்தது. இரண்டாவதாக, எந்த நாட்டுக் கருவியையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடிய ஒரு திட்டக் கரைசலை உருவாக்கினார்கள். இரத்தவியலில் அளவு முறைகளை ஒழுங்குபடுத்துவதற்கென்று அமைந்த சர்வதேசக் குழு 1967-இல் இந்த முறையை உலகுக்குப் பரிந்துரைத்தது. கருவுறாத வயதுவந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 100 மில்லி லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. எல்லாருடைய 12-ம் ஒரே 12-ஆக இருந்தால்தான் இந்த எல்லைக்குப் பொருள் உண்டு.

சோதனைச்சாலைகள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்ற ஐயம் பலருக்கு வெகு நாட்களாக இருந்தது. அதைத் துணிந்து சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த பெல்க், சண்டர்மன் என்னும் இருவர். ஒரே பொருளின் மாதிரிகளைப் பல மருத்துவமனைச் சோதனைச்சாலைகளுக்கு அனுப்பி, வந்த விடைகளை ஒப்பிட்டு 1947-இல் வெளியிட்டார்கள். திருப்தியான விடைகளைவிடத் திருப்தியற்ற விடைகளே மிகுதியாக இருந்தன. ஒரே பாட்டிலிலிருந்து சென்ற பொருளுக்கு ஊருக்கு ஒரு விடை! 1953-இல் பிரிட்டனில் உட்டன், கிங் என்பவர்களும் மருத்துவமனைக்கு மருத்துவமனை விடைகள் வேறுபடுவதை எடுத்துக்காட்டினார்கள். அந்தச் சோதனைச்சாலைகளில் இருந்தவர்கள் சோம்பேறிகளோ, அறியாதவர்களோ அல்லர். ஒவ்வொருவரும் தம் அறைக்குள் கவனமாகவே வேலை செய்தார்கள். ஆயினும் தம்முடைய விடை அடுத்த வீட்டு விடையோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவர்களிடம் வழி இல்லை. தனியே செய்யும் கவனம் போதாது என்பதே அந்த ஆராய்ச்சி கற்பித்த பாடம்.

அதற்கு வழி, வியப்பாக, ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஷூஹார்ட் என்னும் அறிஞர், 1924-இல் கட்டுப்பாட்டு வரைபடம் என்ற கருத்தைத் தோற்றுவித்தார். ஒரே யந்திரம் செய்யும் பொருள்களிலும் சிறு வேறுபாடு இருந்தே தீரும். இயல்பான வேறுபாடு எது, ஏதோ கெட்டுப்போனதால் வந்த வேறுபாடு எது என்பதைப் பிரித்தறிவதே அதன் நோக்கம். லீவி, ஜென்னிங்ஸ் என்னும் இருவர் 1950-இல் அதை மருத்துவச் சோதனைச்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் அந்த வரைபடம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

அதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். சர்க்கரையின் அளவு முன்னரே தெரிந்த ஒரு திரவம் நம்மிடம் இருக்கிறது என்று கொள்வோம். அதைப் பல நாட்கள் திரும்பத் திரும்பச் சோதித்ததில் சராசரி 100 மில்லிகிராம் என்றும், கணக்கியலார் திட்ட விலக்கம் என்று சொல்லும் அளவு 3 என்றும் கிடைத்தன. அப்படியானால், கருவி ஒழுங்காக இருக்கும் நாட்களில், நூற்றுக்குச் சுமார் 95 தடவை விடை 94-க்கும் 106-க்கும் இடையில் விழும். 91-க்குக் கீழோ 109-க்கு மேலோ விழுவது மிக அரிது. ஒவ்வொரு நாள் காலையிலும், நோயாளிகளின் இரத்தத்தைத் தொடுவதற்கு முன், இந்தத் திரவத்தைச் சோதித்து விடையை வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைக்கவேண்டும். புள்ளி எல்லைக்குள் இருந்தால் வேலை தொடங்கலாம். இல்லையெனில் அன்றைய வேலை அங்கேயே நிற்கவேண்டும்.

1981-இல் வெஸ்ட்கார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த வரைபடத்தைப் படிக்கும் விதிகளை மேலும் நுட்பமாக்கினார்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பத்துப் புள்ளிகள் தொடர்ந்து சராசரிக் கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அந்தப் பத்தில் ஒன்றுகூட எல்லையைத் தாண்டியிராது. தனித்தனியே பார்த்தால் எல்லாம் நல்ல புள்ளிகளே. ஆனால் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி, பத்து முறையும் தலையே விழுந்தால் நாணயத்தின்மீது நமக்கு ஐயம் வருமல்லவா? அதுபோல, விளக்கு மங்கத் தொடங்கியிருக்கலாம். ரசாயனக் கரைசல் வீரியம் குறைந்திருக்கலாம். கருவி மெல்ல ஒரு பக்கம் சாய்கிறது. நோயாளி ஒருவருக்கேனும் தவறான விடை செல்லும் முன் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

யந்திரத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் தவறுகளில் பெரும்பகுதி யந்திரத்தில் பிறப்பதில்லை. இரத்தம் யந்திரத்தை அடைவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. குழாயில் ஒட்டிய பெயர்ச்சீட்டு மாறிப்போகலாம். கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்திருந்தால் இரத்தத்தின் தன்மையே சற்று மாறும். எடுத்த இரத்தத்தை அப்படியே வைத்திருந்தால், அணுக்கள் உயிருடன் இருப்பதால், அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை சர்க்கரை குறைந்துவிடும். நீரிழிவு உள்ளவர், இல்லாதவர்போலத் தோன்றுவார்.

இதனால்தான் இரத்தம் எடுக்கும் குழாய்களுக்கு வெவ்வேறு நிற மூடிகள் வைத்திருக்கிறார்கள். கத்தரிப்பூ நிற மூடியுள்ள குழாயில் ஈ.டி.டி.ஏ. என்னும் உப்பு இருக்கும். அது கால்சியத்தைப் பற்றிக்கொண்டு இரத்தம் உறையாமல் தடுக்கும். அணுக்களை எண்ணுவதற்கு ஏற்றது. சாம்பல் நிற மூடியுள்ளதில் இருக்கும் புளோரைடு, அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைக் கட்டுப்படுத்தும். இளநீல மூடியுள்ளதில் சிட்ரேட் கரைசல் இருக்கும். இரத்தம் உறையும் நேரத்தை அளப்பதற்கு அது வேண்டும். அதில் ஒன்பது பங்கு இரத்தத்திற்கு ஒரு பங்கு கரைசல் என்ற விகிதம் பிசகக்கூடாது. குழாயை அரைகுறையாக நிரப்பினால் விடையும் கெடும்.

இது வெறும் சடங்கன்று என்பதற்கு நான் கண்ட நிகழ்ச்சி ஒன்று சான்று. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், முதியவர் ஒருவருடைய இரத்தத்தில் பொட்டாசியம் 8-க்கு மேல் இருப்பதாகக் கருவி காட்டியது. அது 3.5-லிருந்து 5 வரை இருக்கவேண்டியது. 8 என்றால் இதயம் எந்த நேரத்திலும் நின்றுவிடலாம். அவசரமாக அறிவிக்கவேண்டிய செய்திதான். ஆனால் எங்கள் மூத்த சோதனையாளரான அம்மையார் அதே குழாயில் கால்சியத்தையும் பார்த்தார். அது நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. உடனே வார்டுக்குத் தொலைபேசியில் பேசி, நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அவர் படுக்கையில் அமர்ந்து இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! புதிதாக இரத்தம் எடுக்கச் செய்தோம், பொட்டாசியம் 4.3 என்று வந்தது. நடந்தது என்ன? ஒரு குழாயில் இரத்தம் போதாமையால், யாரோ கத்தரிப்பூ நிற மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருந்தார்கள். அங்கே இருந்த ஈ.டி.டி.ஏ., பொட்டாசியத்தோடு சேர்ந்த உப்பு; அது கால்சியத்தை விழுங்கிப் பொட்டாசியத்தை உயர்த்திக் காட்டியது. முதல் விடையை நம்பிப் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்துகளைக் கொடுத்திருந்தால், நலமாக இருந்த மனிதருடைய உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கும். கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் கொடுத்த இரத்தம்தான் பொய் சொல்லிற்று.

இனி, அளவு ஒழுங்குபட்டதால் எண்ணற்ற உயிர்கள் பிழைத்த வரலாறு ஒன்றைச் சொல்கிறேன். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும், இரத்தக் குழாய்களில் கட்டி உறையும் நோயுள்ளவர்களுக்கும் வார்பரின் என்னும் மருந்து கொடுக்கிறார்கள். அது இரத்தம் உறைவதை மெதுவாக்கும். மருந்து குறைந்தால் இரத்தம் கட்டியாகும்; மிகுந்தால் உள்ளே இரத்தம் கசிந்து உயிர் போகும். இரண்டுக்கும் இடையே உள்ள பாதை மிகக் குறுகியது. அந்தப் பாதையில் மருத்துவருக்கு விளக்குப் பிடிப்பது, 1935-இல் ஆர்மண்ட் குவிக் அமைத்த புரோத்திராம்பின் நேரச் சோதனை. இரத்தத்தின் பிளாஸ்மாவில் துராம்போபிளாஸ்டின் என்ற பொருளைச் சேர்த்து, எத்தனை விநாடியில் அது உறைகிறது என்று பார்ப்பார்கள்.

இந்தத் துராம்போபிளாஸ்டினை முயலின் மூளை முதலிய உறுப்புக்களிலிருந்து எடுத்தார்கள். ஆகவே, செய்பவருக்குச் செய்பவர், தடவைக்குத் தடவை அதன் கூர்மை வேறுபட்டது. கூர்மையான சரக்கில், நலமுள்ளவருக்கு 12 விநாடியும் மருந்து உண்பவருக்கு 30 விநாடியும் ஆகும் என்று வைத்துக்கொள்வோம், விகிதம் 2.5. அதே மனிதருடைய அதே இரத்தத்தை மழுங்கிய சரக்கில் சோதித்தால் 19 விநாடியே ஆகலாம். விகிதம் சுமார் 1.6. மருத்துவர் என்ன நினைப்பார்? மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். அமெரிக்காவில் பெரிதும் மழுங்கிய சரக்குகளே வழங்கி வந்த காலத்தில், அங்கே நோயாளிகள் வேண்டியதைவிட மிகுதியாக மருந்து உண்டார்கள். இரத்தக் கசிவும் மிகுதியாக இருந்தது. மருத்துவர்கள் நூல் சொன்னபடியே நடந்தார்கள். தவறு மரக்காலில் இருந்தது.

1983-இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு தீர்வை ஏற்றுக்கொண்டது. மூலச் சரக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதிய சரக்கையும் அதனோடு ஒப்பிட்டு, அதன் கூர்மைக்கு ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். கிடைத்த விகிதத்தை அந்த எண்ணின் படிக்கு உயர்த்தினால் வருவதே ஐ.என்.ஆர். என்று இன்று வழங்கும் அளவு. மேலே சொன்ன கூர்மையான சரக்கின் எண் 1, ஆகவே 2.5 என்பது 2.5-ஆகவே நிற்கும். மழுங்கிய சரக்கின் எண் 2; ஆகவே 1.58 என்ற விகிதத்தை அதனாலேயே பெருக்கவேண்டும். பெருக்கிப் பாருங்கள், அதுவும் ஏறக்குறைய 2.5-தான். மழுங்கிய சரக்கிலே 2.5 என்ற விகிதத்தை எட்டும் வரை மருந்தைக் கூட்டியிருந்தாலோ, உண்மையான அளவு 6.25-ஆகியிருக்கும். பலருக்கு இந்த அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்பதே பாதுகாப்பு என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறு பெருக்கல் எத்தனை பேரைக் காத்திருக்கும் என்பது விளங்கும். பள்ளியில் படிக்கும் அடுக்குக் கணக்கு வாழ்க்கைக்கு உதவுமா என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

விடை சரியாக இருந்தாலும், அதைப் படிக்கத் தெரியவேண்டும். காகிதத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எல்லையை அச்சிட்டிருப்பார்கள். நலமுள்ள பலரைச் சோதித்து, அவர்களில் நடுவிலுள்ள 95 சதவிகிதத்தினரின் அளவுகளையே அந்த எல்லையாகக் கொள்வது வழக்கம். அப்படியானால், நோய் எதுவும் இல்லாதவர்களிலேயே இருபதில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒருவர் செய்துகொண்டால், முழு நலத்தோடு இருந்தும் ஏதேனும் ஒன்றாவது எல்லையைத் தாண்டுவதற்கு நூற்றுக்கு 64 பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே, தடித்த எழுத்தில் ஓர் எண்ணைக் கண்டவுடன் அஞ்சுவதும் தவறு. தேவையின்றிச் சோதனைகளைப் பெருக்கிக்கொள்வதும் தவறு. அலகையும் பார்க்கவேண்டும். நம் நாட்டில் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்கிறோம். பிரிட்டன் முதலிய நாடுகளில் மில்லிமோலில் சொல்கிறார்கள். நம்முடைய 100 அங்கே சுமார் 5.6 ஆகும். 18-ஆல் வகுக்கத் தெரியாதவர் இரண்டையும் வேறு வேறாக எண்ணிக் கலங்குவார்.

பெல்க், சண்டர்மன் இருவரும் அன்று செய்ததை இன்று ஒழுங்கான ஏற்பாடாகவே நடத்துகிறார்கள். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, இரத்த ரசாயனச் சோதனைகளுக்காக இத்தகைய திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. உள்ளடக்கம் தெரியாத மாதிரிகள் நாட்டின் பல பகுதிகளிலுமுள்ள சோதனைச்சாலைகளுக்குச் செல்லும். ஒவ்வொருவரும் சோதித்து விடையை அனுப்பவேண்டும். மற்றவர்களோடு ஒப்பிடும்போது தாம் எங்கே நிற்கிறோம் என்பது திரும்பி வரும். 2003-இல் முதலில் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 15189 என்னும் சர்வதேச விதித் தொகுப்பு, மருத்துவச் சோதனைச்சாலைக்கு வேண்டிய தகுதிகளை வகுக்கிறது. அதன்படி ஆராய்ந்து சான்று வழங்கும் வாரியம் நம் நாட்டிலும் இருக்கிறது. எனினும் எல்லாச் சோதனைச்சாலைகளும் இந்தச் சான்றைப் பெற்றவை அல்ல. சிற்றூரில் ஒரே அறையில் ஒரே ஆளோடு நடப்பவை ஏராளம். அவர்களாலும் ஒன்று செய்ய முடியும்: காலையில் ஒரு கட்டுப்பாட்டுத் திரவத்தைச் சோதித்து, ஒரு புள்ளியை வைத்து, அந்தப் புள்ளி சொல்வதைக் கேட்கலாம். அதற்குப் பெரிய கட்டிடம் வேண்டாம், நேர்மை வேண்டும்.

வெளியே வரிசையில் ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள், மருத்துவர் அவசரப்படுகிறார், கட்டுப்பாட்டுப் புள்ளியோ எல்லைக்கு வெளியே விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில், இன்னும் ஒரு மணி நேரம் பொறுங்கள் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். அப்படிச் சொல்பவரை யாரும் பாராட்டமாட்டார்கள், முணுமுணுக்கத்தான் செய்வார்கள். அவர் காத்த உயிர் எது என்பது அவருக்கே தெரியாது. உங்களில் சிலர் நாளை மருத்துவர்கள் ஆவீர்கள். சிலர் அந்தச் சோதனைச்சாலை மேசையின் முன் அமர்வீர்கள். எல்லாருமே என்றேனும் ஒரு நாள் கையை நீட்டி இரத்தம் கொடுப்பீர்கள். உங்கள் விடை தாமதமாகும் என்று யாரேனும் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற பதில் வந்தால், மனமுவந்து காத்திருங்கள். உங்கள் இரத்தம் நல்ல மரக்காலால் அளக்கப்படுகிறது.